ஒத்தை ஆளுக்கு ரூம் உண்டா

வடிவாம்பாள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மேலகரத்தில் அவள் குடியிருந்த தெருவில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள் என்பார்கள். கீழ் வீட்டுக்காரி ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டாள். "ரெண்டு படம் போடுவேன்க்கா. எந்தப் படத்த நெறைய பேரு தொடுதாவன்னு பாப்பேன்" என்றாள் வடிவு. "அதுக்கா சம்பளம் தாராவ?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

வேலை அதுதான். போனில் செய்தியோ சமையல் குறிப்போ படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் பேனர் விளம்பரம் வந்து நிற்கும் அல்லவா, தென்காசி வட்டாரத்துக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் அதைச் செய்து கொடுத்தாள். வாசகம் ஒன்று, எழுத்தின் நிறம் ஒன்று, படம் மட்டும் இரண்டு. பார்க்கிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரு படம் போகும், மீதிப்பேருக்கு மற்றது. எதை அதிகம் பேர் தொட்டு உள்ளே வருகிறார்களோ அது தங்கும். அடுத்த வாரம் அதற்கு எதிராகப் புதிதாக ஒன்றை நிறுத்துவாள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றக் கூடாது, மாற்றினால் எதனால் ஜெயித்தது என்று தெரியாமல் போகும். போதுமான பேர் பார்ப்பதற்கு முன்னால் முடிவு சொல்லக் கூடாது. பொறுமை வேண்டிய வேலை. அவளிடம் அது நிறையவே இருந்தது.

அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அப்பா போனார், தம்பியைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது, அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது, பிறகு அம்மாவின் கண் போனது, அப்படியே வருஷங்களும் போய்விட்டன. தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிளக்ஸ் கடையில் பதினோரு வருஷம் டிசைனராக இருந்தாள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எத்தனையோ குடும்பங்களின் முகங்களை வெட்டி ஒட்டியிருக்கிறாள். யார் பக்கத்தில் யார் நிற்க வேண்டும், எந்தச் சித்தப்பாவின் தலை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அம்மாவுக்காக வீட்டோடு இருக்க வேண்டி வந்தபோதுதான் இந்த ஆன்லைன் வேலையைக் கற்றுக்கொண்டாள். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தம்பி பெங்களூரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். பேச விஷயம் இல்லாத ஞாயிறுகளில் பேச மாட்டான்.

சில நாள் சாயங்காலம் பால் வாங்கப் போய் "அரை லிட்டர்" என்று சொல்லும்போது அவள் குரல் கரகரக்கும். காலையிலிருந்து அதுதான் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல்லாக இருக்கும்.

அவளுக்கு வேலை கொடுத்தவர்களில் முகம்மது சலீம் ஒருவர். அச்சன்புதூர்க்காரர். வளைகுடா நாட்டில், தம்மாமில் பத்தொன்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி, குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் பன்னிரண்டு அறைகளோடு ஒரு விடுதி கட்டினார். உம்மாவின் பெயரையே வைத்தார்: ஷரீபுன்னிசா காட்டேஜ். அதற்கான பேனர்களில் வடிவு பல விஷயங்களைக் கண்டுபிடித்திருந்தாள். அருவி மட்டும் இருக்கிற படத்தை யாரும் தொடுவதில்லை. குழந்தை இருந்தால் தொடுவார்கள், இரண்டு குழந்தைகள் இருந்தால் இன்னும் அதிகம். அப்பா பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண்ணிக்கை ஏறும், மாமியார் வயதில் ஒருவர் கூட இருந்தால் இறங்கும். காரணமெல்லாம் அவளுக்குத் தெரியாது. எண்கள் அப்படித்தான் சொல்லின.

அந்த வருஷம் ஜூன் பிறந்தும் சாரல் வரவில்லை. பேரருவியில் பாறைதான் தெரிந்தது. சலீம் போன் செய்தார். "ரூமெல்லாம் பூட்டியே கெடக்கு வடிவு. படத்த மாத்திப் பாரும்மா."

மாற்ற அவளிடம் படம் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறிக் குற்றாலம் போனாள். விடுதியில் தங்கியிருப்பவர் ஒருவரும் இல்லை. ரிசப்ஷனில் மேனேஜர் குற்றாலநாதன் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். ஏழாம் நம்பர் அறையின் பின்பக்கப் படிகளிலிருந்து மலை நன்றாகத் தெரியும். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் படம் எடுபடும் என்று நினைத்து அவரைக் கூப்பிட்டாள்.

"என் மூஞ்சியப் பாத்தா வாரவனும் வர மாட்டான்" என்றார் அவர்.

"முதுகுதான் அண்ணாச்சி."

"முதுகும் அப்படித்தான். நீயே ஒக்காரு."

போனைப் பூந்தொட்டியில் சாய்த்து, பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அவளே போய்ப் படியில் உட்கார்ந்தாள். மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. போன் படம் எடுத்து முடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்த வேலை ஞாபகம் வந்தது.

குடும்பப் படத்துக்கு எதிராக அந்தப் படத்தைப் போட்டாள். வாசகம் பழையதுதான்: "அமைதியாகத் தங்க, குற்றாலம் வாருங்கள்." ரிசப்ஷனில் வெள்ளை, கறுப்பு என்று இரண்டு போன்கள் உண்டு. எந்தப் படம் பார்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிவதற்காகக் குடும்பப் படத்தில் வெள்ளை போன் நம்பரும், தன் படத்தில் கறுப்பு போன் நம்பரும் வரும்படி செய்தாள்.

நான்கு நாளில் முடிவு தெரிந்துவிட்டது. குடும்பப் படத்தைத் தொட்டவர்களின் எண்ணிக்கையில் பாதிகூட அவள் படத்துக்கு வரவில்லை. அவள் எதிர்பார்த்ததுதான். எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எடுப்பதற்கு முன் வழக்கம்போலக் குற்றாலநாதனைக் கூப்பிட்டு, இரண்டு போனிலும் எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று கேட்டாள்.

"வெள்ள போன்ல நாலஞ்சு. வெலயக் கேட்டுட்டு வச்சிட்டாவ. கறுப்பு போனுதான் ஓயாம அடிக்கி. ஆனா பிரயோசனமில்ல" என்றார் அவர்.

"ஏன் அண்ணாச்சி?"

"பூரா ஒத்த ஆளு. 'நான் மட்டுந்தான் வருவேன், ரூம் உண்டா'ன்னு கேக்காவ. இல்லேன்னுட்டேன்."

"எத்தன பேருட்ட?"

"பதினேழு பதினெட்டு இருக்கும்."

"ரூமெல்லாம் காலியாத்தான கெடக்கு?"

"கெடந்தா கெடக்கட்டும். ஒத்த ஆளுக்கு ரூம் குடுக்கது இல்ல. எங்கயுமே யோசிப்பாவ." பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. "முன்னால வேற லாட்ஜுல இருந்தேன்லா, அங்கன ஒருத்தரு தனியா வந்தாரு. நல்ல மனுசன். என்ட்ட பேப்பரு வாங்கிப் படிச்சாரு. மறுநா அந்தக் கதவ ஒடச்சது நாந்தான். அதுக்கு மேல கேக்காத தாயி."

அவள் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் அந்தப் பதினெட்டுப் பேர் மனதை விட்டுப் போகவில்லை. எங்கேயோ உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவள் முதுகைப் பார்த்து, வாருங்கள் என்று எழுதியிருந்ததை நம்பி, கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கூப்பிட்டது அவள். இல்லை என்று சொன்னது இன்னொருவர்.

திங்கட்கிழமை சலீமை விடுதியிலேயே போய்ப் பார்த்தாள். குற்றாலநாதனும் பக்கத்தில் நின்றார். அவள் சொன்னதையெல்லாம் சலீம் கேட்டுக்கொண்டார்.

"ரூம் காலியா இருக்கு, ஆளு கேக்காவ, நம்ம இல்லங்கோம். இது என்ன ஏவாரம்?"

"மொதலாளி, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பன்னெண்டு ரூமும் போச்சு. பாத்துக்கிடுங்க" என்றார் குற்றாலநாதன்.

சலீம் வாசல் பக்கம் பார்த்தார். "தம்மாம்ல ஒரு ரூம்ல எட்டுப் பேரு இருந்தோம். லீவு நாள்ல ஒவ்வொருத்தனும் போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டுப் படுத்துருப்பான். தூங்க இல்ல. கொஞ்ச நேரம் தனியா இருக்க. அன்னிக்கு எவனாவது ஒரு நாளு ரூம் தந்திருந்தா நானும் ஓடிருப்பேன்." பிறகு வடிவைப் பார்த்தார். "மூணு ரூம் குடுப்போம். ஆனா அந்தக் கறுப்பு போன நீ வச்சிக்கோ. நீ பேசிப் பாத்து, மனசுக்குச் சரின்னு பட்டாக் குடு. படலேன்னா விட்ரு."

"எனக்கு எப்படிப் பாய் தெரியும்?"

"அவங்களக் கூப்பிட்டது நீதானம்மா" என்றார் அவர். குற்றமாகச் சொல்லவில்லை.

கறுப்பு போன் மேலகரத்துக்கு வந்தது. முதலில் அந்தப் பதினெட்டுப் பேரையும் தானே கூப்பிட்டாள். பதினொரு பேர் எடுத்தார்கள். நான்கு பேர் வந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், யாருடைய பையையும் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஒருமுறையாவது அருவியில் குளிக்க வேண்டும், ஒழுகுகிற தண்ணீர் போதும் என்றாள். ராஜபாளையத்து ஆள் ஒருவர், விவாகரத்தாகி முதல் லீவு, எங்கே போவதென்று தெரியவில்லை என்றார். புதிதாகவும் போன்கள் வந்தன. ஊர், வேலை, என்றைக்கு வருகிறீர்கள் என்று ஆரம்பித்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுவரை போகும். தூரத்திலிருப்பவர்கள் முன்பின் தெரியாதவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். ஒருவரும் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. இருந்தாலும் பால் கடையில் அவள் குரல் இப்போது சரியாக வந்தது.

ஒரு புதன்கிழமை முற்பகலில் கோவில்பட்டியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் சுபாஷ் என்றார். ஒவ்வொரு சொல்லாக மெதுவாகப் பேசினார்.

"நாலு நாளைக்கு வேணும். ரூம்ல யாரும் வந்து கதவத் தட்டுவாங்களா?"

"காலைல காப்பி வேணுமான்னு கேப்பாவ ஸார்."

"அதுவும் வேண்டாம். யாரும் தட்டக் கூடாது. அதான் முக்கியம்."

"அருவிக்குப் போவீங்கள்லா?"

"அது... பாக்கலாம்."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"வீட்டம்மா இருக்கா."

"அவங்களயும் கூட்டிட்டு வரலாமே ஸார்."

வைத்துவிட்டாரோ என்று அவள் போனைப் பார்த்தாள். வைக்கவில்லை. "முடியாதும்மா" என்றார் கடைசியில்.

இந்தக் குரலுக்கு இல்லை என்று சொல்லத்தான் சலீம் போனை அவளிடம் கொடுத்திருந்தார். அது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் இல்லை என்று சொன்னால் அவர் இதே குரலோடு வேறெங்காவது இருப்பார், அவ்வளவுதானே என்றும் தோன்றியது. "வாங்க ஸார்" என்றாள். கோவில்பட்டிக்காரர் ஒருவர் வருகிறார், ஏழாம் நம்பர் கொடுங்கள், கதவைத் தட்ட வேண்டாம் என்று மட்டும் குற்றாலநாதனிடம் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்து சேர்ந்தார். அதற்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வடிவு போன் செய்தாள். கதவு சாத்தியிருக்கிறது என்றார் குற்றாலநாதன். பதினொன்றுக்குக் கேட்டபோதும் அதே பதில், ஆனால் இந்த முறை அவர் குரல் மாறியிருந்தது. "நேத்து ராத்திரி சாப்பாடும் வேண்டாம்னுட்டாரு வடிவு. யாரு இந்த ஆளு? போன்ல என்ன சொன்னாரு?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். பத்து நிமிஷத் தூரம்தான். அந்தப் பத்து நிமிஷமும் உட்காராமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஏழாம் நம்பர் அறைக்குப் போகும் படிகளுக்குக் கீழே குற்றாலநாதன் மாற்றுச் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்னால ஏற முடியல தாயி" என்றார். அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அவளே ஏறினாள். விரலால் தட்டினாள். "ஸார்..." இரண்டாம் முறை தட்டினாள். மூன்றாம் முறை உள்ளங்கையால் அடித்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தாழ்ப்பாள் விலகியது.

கைலி கட்டிய, அறுபது வயதுக்குள் இருக்கும் ஒரு மனிதர். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. கண் கூசியது. "தட்ட மாட்டோம்னு சொன்னீங்களே?" என்றார்.

கீழே குற்றாலநாதன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சுபாஷ் அவரைப் பார்த்தார், அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "அட, அப்படி நெனச்சிட்டீங்களா" என்றார். "நான் தூங்கினேன்மா. தூங்கத்தான் வந்தேன்."

குற்றாலநாதன் எழுந்து போய் மூன்று பேருக்கும் டீ கொண்டுவந்தார். பின்பக்கப் படியில் உட்கார்ந்து குடித்தபடி சுபாஷ் சொன்னார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறார். வீடும் எதிரிலேயே. மனைவிக்கு ஆறு வருஷமாகப் பக்கவாதம், பேச்சு கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் இருக்கும். ஏதாவது வேண்டுமென்றால் தட்டுவாள்.

"ஒரு நாளைக்கு நாப்பது தடவ தட்டுவா. எனக்குக் கோவமில்ல, அவ வேற என்ன செய்வா? ஆனா பஸ் ஹார்னுக்கு நடுவுலயும் எனக்கு அந்தச் சத்தம் கேக்கும். தூக்கத்துலயும் கேக்கும். அவ தட்டாதப்பவும் கேக்கும். கொழுந்தியா வந்து, நாலு நாளு நான் பாத்துக்கிடுதேன், நீங்க எங்கயாச்சும் போங்கன்னா. யாரும் கூப்பிடாத எடமா ஒண்ணு வேணும்னு இருந்துது."

வடிவு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் முழுக்க யாரும் கூப்பிடாமல் இருப்பது அவளுக்கு வாரத்தில் நாலைந்து முறை நடப்பது. ஊர்விட்டு ஊர் வந்து ரூம் எடுத்து அதைத் தேடும் ஆட்கள் இருப்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

"படத்துல முதுகக் காட்டி ஒக்காந்திருக்கது நீங்கதான?" என்று கேட்டார் சுபாஷ். "அந்தப் புள்ள வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு வந்து ஒக்காந்திருக்கு, இப்போ யாரும் அதக் கூப்பிட்டுறக் கூடாதுன்னு நெனச்சேன்."

அவள் சிரித்துவைத்தாள். "இனிமே தட்ட மாட்டாவ ஸார். நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவர் நான்கு நாளும் தங்கினார். மூன்றாம் நாள் ஐந்தருவி வரை நடந்துபோய், ஒழுகிய தண்ணீரில் தலையை நனைத்துவிட்டு வந்தாராம். வீட்டுக்கு மட்டும் தினமும் இருமுறை தானே போன் செய்தார் என்று குற்றாலநாதன் சொன்னார்.

ஜூன் கடைசியில் சாரல் பிடித்துக்கொண்டது. இரண்டே நாளில் அருவிகளில் தண்ணீர் ஆர்ப்பரித்தது, செங்கோட்டை ரோடு முழுக்க வேன்கள். சலீம் கூப்பிட்டார். "சீசன் வந்துட்டு வடிவு. ஒரு ரூம்ல அஞ்சு பேரு, ஆறு பேருன்னு கேக்காவ. அந்தப் படத்த எடுத்துரு."

"ஏழாம் நம்பர் மட்டும் இருக்கட்டும் பாய். திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும்."

அவர் யோசித்தார். "சரி. கேட்டு வாரவங்களுக்குக் குடுப்போம். வெளம்பரம் வேண்டாம்."

அவ்வளவுதான் அவளால் வாங்க முடிந்தது. படத்தை நிறுத்த ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அழுத்தினாள். கறுப்பு போனை ரிசப்ஷனில் திருப்பிக் கொடுத்தாள். அதன் பிறகு ஒரு வாரம், வீட்டில் எது சத்தம் போட்டாலும் அவள் கை மேஜைமேல் போனைத் தேடியது. பிறகு அதுவும் நின்றது. பாவூர்சத்திரத்து விதைக்கடை ஒன்றுக்கு வேலை வந்தது: தட்டில் இருக்கும் தக்காளியா, கையில் ஏந்திய தக்காளியா. கை ஜெயித்தது.

கார்த்திகையில், வெள்ளையடித்த அறைகளைப் படம் எடுக்க அவள் மறுபடியும் விடுதிக்குப் போனபோது குற்றாலநாதன் சொன்னார்: "ஒன் கோவில்பட்டிக்காரரு போன வாரம் வந்துட்டுப் போனாரு."

"என்ட்ட யாரும் சொல்லலயே?"

"நானே ரூம் குடுத்துட்டேன். தெரிஞ்ச ஆளுதான." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. உடனே முகம் மாறியது. "வீட்டம்மா போய்ட்டாவளாம். ஐப்பசில. மனுசனுக்கு ரூம்ல இருப்புக் கொள்ளல. பகல் பூரா இந்தப் பெஞ்சுலயே இருந்தாரு. நானும் பேசிட்டே இருந்தேன். சேந்துதான் சாப்ட்டோம். நாலு நாளுன்னு வந்தவரு ரெண்டாம் நாளே கெளம்பிட்டாரு."

"என்னப் பத்தி எதுவும் கேட்டாரா?"

"அந்தப் புள்ள நல்லா இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன்."

பதிவு நோட்டிலிருந்து அவருடைய நம்பரைக் குறித்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் அதை மேஜைமேல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மதியம், சோற்றை வடித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"வடிவாம்பாள் பேசுதேன் ஸார். குற்றாலம் காட்டேஜ்..."

"தெரியும்மா. சொல்லுங்க."

சொல்வதற்கு அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்கத்தான் கூப்பிட்டிருந்தாள். "சாப்ட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல. ரசம் வச்சிருக்கேன்."

"நானும் ரசந்தான்."

அந்தப் பக்கம் யாரோ வண்டி எடுக்க வந்து டோக்கன் நம்பரைச் சொல்வது கேட்டது. "இருங்க, வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். வடிவு போனைக் காதில் வைத்தபடி ஜன்னலோரம் நின்றாள். போனில், திருநெல்வேலி, திருநெல்வேலி என்று ஒரு கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். பஸ் ஒன்று கிளம்பிப் போயிற்று. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"இருக்கீங்களா?" என்றார் அவர் திரும்பி வந்து.

"இருக்கேன்" என்றாள். பிறகு இருவரும் ரசத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர் மிளகு கூடுதலாகப் போட்டுவிட்டாராம், அளவு சொல்ல யாருமில்லை என்றார். அவள் சொன்னாள்.